ஜன்னலோரத்து அம்மா: ஹன்னா சாப்ளினும் அவருடைய மகன்களும்

1903ஆம் ஆண்டு. லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் கேன் ஹில் என்ற மனநலக் காப்பகம். அம்மாவைப் பார்க்க இரண்டு மகன்கள் வந்திருக்கிறார்கள். சீக்கிரம் குணமாகிவிடும் என்று இளையவன் ஆறுதல் சொல்கிறான். ஆமாம் என்று சோர்ந்துபோன குரலில் சொல்லிவிட்டு, அன்றைக்கு மத்தியானம் நீ எனக்கு ஒரு கப் டீ மட்டும் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார் அம்மா.

அந்தப் பையனுக்கு அப்போது வயது 14. அந்த வார்த்தை பல நாள் தன்னை விடாமல் துரத்தியது என்று 61 வருடம் கழித்து, 1964இல் வந்த சுயசரிதையில் எழுதினார். உலகமே பார்த்துச் சிரித்த சார்லி சாப்ளின்தான் அந்தப் பையன்.

மனநோய் உள்ள பெற்றோரின் வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் பெரும் பகுதி. அவர்களில் ஒருவருடைய கதையையும் நான் எழுத மாட்டேன். பெயரை மாற்றினாலும் ஊரையும் தொழிலையும் வைத்துச் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சாப்ளின் குடும்பத்தின் கதை அப்படியல்ல. ஏழையர் விடுதியின் பதிவேடுகள், மருத்துவச் சான்றிதழ், தந்தி, மகனே எழுதிய நினைவுகள் என்று எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன. அதனால் இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு கப் டீயை நான் வேறு வேறு வடிவத்தில் வாராவாரம் கேட்கிறேன் என்பதும் ஒரு காரணம். "அன்னிக்கு நான் ஊருக்குப் போகாம இருந்திருந்தா அப்பாவுக்கு இப்படி ஆகியிருக்காதுல்ல?" என்பார் நாற்பதைத் தாண்டிய ஒருவர். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குடும்பம்தான் ஞாபகத்துக்கு வரும்.

நோய்க்கு முன்பும் நோயின் தொடக்கமும்

ஹன்னா 1865இல் தென் லண்டனில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். ஹன்னா லில்லி ஹார்லி என்ற பெயரில் மியூசிக் ஹால் மேடைகளில் பாடி ஆடினார். 1885இல் மூத்த மகன் சிட்னி பிறந்தான், 1889இல் சார்லி. கணவரும் பாடகர்தான். அவர் குடியில் விழுந்தார், இருவரும் பிரிந்தார்கள். 1892இல் லியோ டிரைடன் என்ற இன்னொரு பாடகர் மூலம் ஹன்னாவுக்கு மூன்றாவது மகன் வீலர் பிறந்தான். குழந்தைக்கு ஆறு மாதம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, அதற்குள் அதன் அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். குழந்தை போன அதே 1893இல் ஹன்னாவின் அம்மா மேரி ஆன் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். ஒரே வருடத்தில் கைக்குழந்தையும் போய், பெற்ற தாயும் போன பெண் இவர். கையில் இரண்டு பையன்கள், வீட்டு வருமானம் என்று சொல்ல ஒன்றுமில்லை, குரலும் கெட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் தையல். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. தவணை கட்டவில்லையென்று தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிட்னிக்கு வாங்கிய ஒரே நல்ல உடுப்பு திங்கட்கிழமை அடகுக்குப் போகும், சனிக்கிழமை திரும்பி வரும். நைந்துபோய் அடகுக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லும்வரை இதுதான் நடந்தது.

1895இல் கடுமையான தலைவலியோடு முதல்முறை லாம்பெத் மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்தார். 1896இல் மூவருமே வொர்க்ஹவுஸ் என்ற ஏழையர் விடுதிக்குப் போனார்கள். பிள்ளைகளை அம்மாவிடமிருந்து பிரித்து ஹான்வெல் என்ற இடத்தில் இருந்த பள்ளிக்கு அனுப்பினார்கள். சார்லிக்கு அப்போது 7 வயது.

இந்த இடத்தில் ஒரு நாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1898 ஆகஸ்ட் 12. மறுபடி ஏழையர் விடுதி, மறுபடி பிரிவு. பெற்றோர் விடுதியை விட்டு வெளியேறினால் பிள்ளைகளையும் கூடவே விட வேண்டும் என்பது விதி. ஹன்னா இந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டார். வெளியேறுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையன்களை வாசலில் வாங்கிக்கொண்டு நேராகக் கென்னிங்டன் பூங்காவுக்குப் போனார். சிட்னியிடம் ஒன்பது பென்னி இருந்தது. கறுப்புச் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைக் கசக்கிச் சணல் சுற்றிப் பந்து செய்து பிடித்து விளையாடினார்கள். சாயங்காலம் மூவரும் திரும்பிப் போய் மறுபடி விடுதியில் சேர்ந்துகொண்டார்கள். துணிகளை மறுபடி ஆவியில் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால் அதிகாரிகளுக்கு ஒரே எரிச்சல்.

அடுத்த மாதம் ஹன்னா மனநோயோடு கேன் ஹில்லுக்கு அனுப்பப்பட்டார்.

நோயின் விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணால் விதிப்புத்தகத்தைப் படித்து, ஓட்டை கண்டுபிடித்து, பிள்ளைகளுக்கு ஒரு முழு நாள் சந்தோஷத்தைக் கொடுக்க முடிந்திருக்கிறது. கேஸ் ஷீட்டில் இதற்கு இடமே இருக்காது. நோய் வந்த தேதி, மாத்திரை, சேர்த்த நாள், விட்ட நாள் எல்லாம் இருக்கும். செர்ரிப் பழம் இருக்காது. ஆனால் அந்தப் பிள்ளைகள் முப்பது வருடம் அம்மாவைக் கைவிடாமல் இருந்ததற்குக் காரணம் தேடினால், நான் முதலில் இந்த நாளைத்தான் பார்ப்பேன்.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற சேதி சிட்னிக்குக் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும்போது வந்தது. அவனுக்கு 13 வயது. கேட்டுவிட்டு அழாமல் திரும்பிப் போய் ஆட்டத்தை முடித்தான். பிறகு தனியே போய் அழுதான். தம்பிக்கு அதைச் சொன்னவனும் அவன்தான். 9 வயது சார்லிக்கு வந்தது வேறொரு உணர்வு. அவ்வளவு கலகலப்பான அம்மாவுக்கு எப்படிப் புத்தி கெடும்? அம்மா வேண்டுமென்றே தன் மனதிலிருந்து தப்பித்து ஓடி, எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று மங்கலாக அவனுக்குத் தோன்றியது. ஒரே வீடு, ஒரே சேதி. ஒருவன் வேலையை முடித்துவிட்டு அழுகிறான், இன்னொருவன் கைவிடப்பட்டவனாக நிற்கிறான். இந்த இரண்டு குணமும் கடைசிவரை மாறவில்லை என்பதை மேலே படிக்கும்போது பார்க்கலாம்.

1903 மே 5

அந்த வருடம் சிட்னி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். அப்பா இரண்டு வருடம் முன்பே குடியால் இறந்துவிட்டார். கென்னிங்டன் சாலையோரம் ஒரு மச்சு அறையில் அம்மாவும் சார்லியும் மட்டும். ஒரு நாள் வெளியே போய்விட்டு வந்தவனை வாசலிலேயே பக்கத்து வீட்டுக் குழந்தைகள் நிறுத்தினார்கள். உங்க அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு என்றார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று கரித்துண்டுகளைக் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறார் அம்மா.

அவன் மாடிக்கு ஓடினான். அம்மா வழக்கம்போல ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார்லி சின்னப் பையனாக இருந்தபோது ஹன்னா ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைப் பார்த்து அப்படியே நடித்துக் காட்டுவார். இவன் ஏன் இப்படி நடக்கிறான், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறான் போல என்று கதையும் சொல்வார். மனிதர்களைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று பின்னாளில் சாப்ளின் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஜன்னல் பழக்கம்தான் இப்போது வேறொன்றாகியிருந்தது. சிட்னியைத் தேடிக்கொண்டிருந்தேன், அவனை என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றார் அம்மா.

மருத்துவமனை ஒரு மைல் தூரம். தள்ளாடுகிற அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அங்கே டாக்டர், நீ யாரோடு இருப்பாய் என்று கேட்டார். சித்தி வீட்டில் இருப்பேன் என்று சொன்னான். அது பொய். உண்மையைச் சொன்னால் மறுபடி அந்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வந்து வீட்டுக்காரம்மாளின் கண்ணில் படாமல், விறகு பிளக்கிறவர்களோடு சுற்றிக்கொண்டு நாட்களைக் கழித்தான். கொஞ்ச நாளில் சிட்னி ஒரு கூடை வாழைப்பழத்தோடு ஊர் வந்து இறங்கினான். அழுக்குத் துணியில் நின்ற தம்பிதான் அவனுக்கு அம்மாவின் நிலையைச் சொன்னான்.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதிப்பது ஒரு காகிதம். 1890ஆம் ஆண்டுப் பைத்தியச் சட்டத்தின்படி ஒருவரைக் காப்பகத்துக்கு அனுப்ப டாக்டர் தரும் சான்றிதழில் இரண்டு பகுதி இருந்தது. டாக்டர் தானே கண்டது ஒன்று, மற்றவர் சொல்லக் கேட்டது இன்னொன்று. ஹன்னாவின் சான்றிதழில் அந்த இரண்டாவது பகுதியில் தகவல் தந்தவராக எழுதப்பட்டிருப்பது மகன் சார்லஸ் சாப்ளின். செத்துப்போனவர்களைப் பற்றியே பேசுகிறார், அவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பதாக நினைக்கிறார், இல்லாத மனிதர்களோடு பேசுகிறார் என்று அவன் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

14 வயதுப் பையன் அம்மாவைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னான். அந்த உண்மையே அம்மாவைப் பூட்டி வைக்கும் உத்தரவுக்கு ஆதாரமானது. இதைத் துரோகம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் சொன்னவனுக்கு அது எப்படி இருக்கும்? ஆம்புலன்சுக்கு போன் செய்த மகள், கையெழுத்துப் போட்டுச் சேர்த்த மகன் எல்லோரிடமும் இதே வலியைப் பார்க்கிறேன். அம்மாவும் அவனிடம் அதைத் தொட்டுத்தான் பேசினார். ஒரு கப் டீ கொடுத்திருந்தால் என்றார்.

அதை நான் ஹன்னாவின் கொடுமையாகப் படிக்கவில்லை. அவருடைய மூளை நடந்ததற்கு ஒரு காரணம் தேடியது, பக்கத்தில் கிடைத்த சின்னக் காரணத்தைப் பிடித்துக்கொண்டது. பட்டினியால் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டரே சிட்னியிடம் சொன்னார். அதனால் அந்த டீக்கு ஒரு பாதி உண்மை வேறு ஒட்டிக்கொண்டது. இதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போடும். முழுப் பொய்யென்றால் உதறிவிடலாம். பசியும் உண்மை, டீ கொடுக்காததும் உண்மை. ஆனால் அந்தப் பசிக்கு 14 வயதுப் பையனா பொறுப்பு?

நோயின் பெயர் பற்றிச் சுருக்கமாக. 1898 பதிவில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் பெயர் இருப்பதைக் காட்டி, அது மூளையைத் தாக்கியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் ஒருவர் வாதிடுகிறார். பட்டினி, தொற்று, துயரம், குடும்பவழி என்று எதை எடுத்தாலும் கொஞ்சம் பொருந்தும். நூறு வருடம் கழித்து நாம் ஒரு பெயரை ஒட்ட வேண்டிய அவசியமில்லை. அந்தக் காலத்தில் பென்சிலினும் இல்லை, மனநோய் மாத்திரையும் இல்லை. எந்தப் பெயராக இருந்தாலும் பிள்ளைகளின் கையில் மருந்து எதுவும் இருந்திருக்காது.

விருந்தாளி

1904 ஜனவரியில் ஹன்னா வெளியே வந்தார். மகன்கள் இருவரும் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களோடு வந்து சேர்ந்துகொண்டார். கடைக்குப் போவார், பழம் வாங்குவார், கொஞ்சம் பூவும் வாங்கி வருவார். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் அம்மா எங்கள் அம்மாவைப் போல இல்லை, விருந்தாளியைப் போல இருந்தார் என்று சாப்ளின் எழுதுகிறார்.

இந்த ஒரு வரியை நான் பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினால் பழைய அம்மா திரும்பி வந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். வருகிறவர் தயங்கித் தயங்கி நாற்காலியின் நுனியில் உட்காருகிறார். அதற்குள் பிள்ளைகளும் மாறியிருக்கிறார்கள். அவர்கள்தான் சம்பாதிக்கிறார்கள், முடிவெடுக்கிறார்கள். அந்த வீட்டில் அம்மாவுக்கு என்ன வேலை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிவதில்லை. அமெரிக்கக் குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் இப்படி ஆள் இருந்தும் இல்லாமல் போகிற இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இறந்தவருக்குக் காரியம் செய்யலாம், ஊர் வந்து துக்கம் கேட்கும். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரை இழந்துவிட்டேன் என்று யாரிடம் சொல்ல முடியும்?

1905 மார்ச்சில் ஹன்னா தெருவில் தன்னிலை மறந்து அலைந்துகொண்டிருந்தபோது கண்டெடுக்கப்பட்டார். மாறி மாறி ஆடுகிறார், பாடுகிறார், அழுகிறார் என்று இந்தமுறை சான்றிதழில் எழுதினார்கள். மேடைக் கலைஞராக இருந்தவரைப் பற்றி எழுதப்பட்டது இது. சார்லி சுற்றுப்பயணத்தில் இருந்தான். மறுபடி கேன் ஹில், இந்தமுறை ஏழு வருடம்.

கதவுக்கு வெளியே நின்றவர்

1912இல் சார்லிக்கு 23 வயது. முதல் அமெரிக்கப் பயணம் முடித்துக் கையில் கொஞ்சம் பணத்தோடு வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் கேன் ஹில் போனார்கள். இன்று நிலைமை சரியில்லை, மெத்தை அடித்த அறையில் பக்திப் பாடல் பாடிக்கொண்டிருக்கிறார் என்று நர்ஸ் முன்கூட்டியே சொன்னார். சிட்னி உள்ளே போனார். சார்லிக்குத் தைரியம் வரவில்லை, வெளியே நின்றுவிட்டார். திரும்பி வந்த சிட்னி கலங்கிப்போயிருந்தார். சிகிச்சை என்று பனிபோன்ற குளிர்நீரைப் பீய்ச்சியிருக்கிறார்கள், முகம் நீலம் பாய்ந்திருந்தது என்றார்.

அங்கேயே முடிவெடுத்தார்கள். செப்டம்பரில் அம்மாவைப் பெக்காம் ஹவுஸ் என்ற தனியார் காப்பகத்துக்கு மாற்றினார்கள். வாரம் 30 ஷில்லிங் கட்டணம்.

கதவுக்கு வெளியே நின்றவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 14 வயதில் அந்த அம்மாவைத் தோளில் தாங்கி நடந்தவர் அவர். அப்போது சிட்னி கப்பலில் இருந்தார். இப்போது சிட்னி உள்ளே போகிறார், தம்பி நிற்கிறார். பல வீடுகளில் பார்க்கிறேன், நோயின் முதல் வேகத்தை ஒற்றை ஆளாகத் தாங்கிய பிள்ளைதான் பின்னால் தூரம் போகிறது. அப்போது பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு உள்ளே போகத் தெம்பு மிச்சமிருக்கிறது. சொந்தக்காரர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. "பெரியவன்தான் பாக்கறான், சின்னவன் எட்டிக்கூடப் பாக்கறதில்ல" என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 1903 மே 5 வருவதே இல்லை.

1919இல் அம்மாவை அமெரிக்காவுக்கு அழைத்து வர ஏற்பாடுகள் நடந்தன. அதற்குள் சார்லி உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் நடிகர்களில் ஒருவராகியிருந்தார். கடைசி நேரத்தில் ஏப்ரல் மாதம் சிட்னிக்கு ஒரு தந்தி அனுப்பினார். அம்மா இங்கிலாந்திலேயே ஒரு நல்ல கடற்கரை ஊரில் இருக்கட்டும், இங்கே வந்தால் என் மனம் சோர்ந்து வேலை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்பது அதன் சாரம்.

சாப்ளினைத் திட்ட நினைப்பவர்கள் எடுத்துக்காட்டும் தந்தி இது. எனக்கு அதில் நேர்மைதான் தெரிகிறது. வேலை இருக்கிறது, வீடு சின்னது, விசா கிடைக்கவில்லை என்று ஆயிரம் சாக்கு சொல்லியிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று எழுதினார். அந்தக் கோடையில் அவருடைய முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்தது. அதன் பிறகு எடுக்கத் தொடங்கிய படம்தான் தி கிட். அனாதை விடுதிக்காரர்கள் குழந்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக, ஏழை வளர்ப்புத் தகப்பன் கூரை கூரையாகத் தாவி ஓடி அதை மீட்கிற காட்சி நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 1921 தொடக்கத்தில் படம் வெளிவந்தது. அதே வருடம் மார்ச்சில் அம்மாவும் வந்தார்.

கலிபோர்னியாவில் ஏழு வருடம்

நியூயார்க் துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி, நீங்கள்தான் புகழ்பெற்ற சார்லியின் தாயா என்று கேட்டாராம். ஆமாம், நீங்கள்தான் இயேசு கிறிஸ்து என்று ஹன்னா இனிமையாகச் சொன்னாராம். தற்காலிக அனுமதிதான் கிடைத்தது, பிறகு நீட்டிக்க வேண்டியிருந்தது.

மகன் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கடற்கரைக்கு அருகே ஒரு தனி வீடு எடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதியும் பயிற்சி பெற்ற நர்ஸும் வைத்தார். ஹன்னா காரில் கடைக்குப் போவார், கடிதம் எழுதுவார், விருந்தினரோடு பேசுவார். ஒருமுறை கடையில் வண்ண வண்ணப் பட்டுத் துணியை நூற்றுக்கணக்கான கஜம் கேட்டார் என்றும், உடனிருந்தவர்கள் தயங்கியபோது அவர் கேட்டதெல்லாம் கொடுங்கள், வாழ்நாள் முழுக்க இதற்கு ஏங்கியவர் என்று மகன் சொன்னார் என்றும் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். துண்டுக் கூலிக்கு மற்றவர்களின் துணியைத் தைத்தவர் கேட்டது அது.

மகன் அடிக்கடி போகவில்லை. போய் வந்தால் மனம் உடைந்து கிடப்பார் என்று கூட இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1921 செப்டம்பரில் லண்டன் போனபோது, அம்மாவோடு வாழ்ந்த அந்த மச்சு அறையைத் தேடிப் போய்ப் பார்த்தார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் பழைய அம்மாவின் அறைக்குப் போக முடிந்தவருக்கு, சில மைலில் இருந்த இன்றைய அம்மாவின் வீட்டுக்குப் போவது கடினமாக இருந்தது. எனக்கு இது புரிகிறது. அறை அவரைக் கேள்வி கேட்காது.

தூரம் பற்றி ஆய்வும் உண்டு. ஹன்னா முன்பு இருந்த பெக்காமுக்குப் பக்கத்தில்தான் லண்டனின் கேம்பர்வெல் பகுதி. சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய சகாக்களும் 1960களிலும் 70களிலும் அங்கே மனச்சிதைவு நோயிலிருந்து வீடு திரும்பியவர்களை ஆராய்ந்தார்கள். வீட்டில் குறை சொல்லும் பேச்சும் பகையும் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பதும் இருந்தால் நோய் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் நேருக்கு நேர் இருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் அபாயம் குறைந்தது என்று 1976இல் வானும் லெஃபும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஹன்னாவின் நோய் அதுதானா என்பது தெரியாததால் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் பாசம், தனி வீடு எடுத்துக் கொடுப்பது கைகழுவுவது என்று நம்பும் எவரும் அந்த 35 மணியைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருவரும் மூச்சுவிட இடம் இருந்தால்தான் உறவு மிஞ்சும். அந்தத் தனி வீட்டில் ஹன்னாவுக்குச் சிரிப்பு திரும்பியிருந்தது, வாய்த்துடுக்கும் திரும்பியிருந்தது. இந்தப் பொய்யான நாடக உலகத்தில் வாழ்வதைவிட நீ நீயாக இருக்கலாமே என்று மகனிடம் கேட்டார். இதற்கெல்லாம் காரணமே நீங்கள்தானே என்று மகன் சிரித்தார். இது நோயாளியும் காப்பாளரும் பேசிக்கொள்வது மாதிரியா இருக்கிறது? தாயும் மகனும் பேசிக்கொள்வது.

எல்லாம் சரியாகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம். போக முடியாத நாளில் அந்த வலியைச் சொல்லி அழ அவருக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் போயிருப்பாரோ என்றும் நினைப்பேன். அந்தக் காலத்தில் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. நம் மருத்துவமனை வார்டுகளிலும் நோயாளியின் தூக்கம், சாப்பாடு, மாத்திரை பற்றிப் பிள்ளையிடம் பத்துக் கேள்வி கேட்கிறோம். நீங்கள் தூங்குகிறீர்களா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பது அபூர்வம்.

மூன்றாவது மகனை மறந்துவிடக் கூடாது. கைக்குழந்தையாகப் பறிக்கப்பட்ட வீலர், தன் அண்ணன் யார் என்று வளர்ந்த பிறகு தெரிந்து, கடிதம் எழுதி, காத்திருந்து, கடைசியில் அம்மாவின் முன் வந்து நின்றார். நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டாராம். தெரியாமல் என்ன, நீ என் மகன், உட்கார், டீ குடி என்றாராம் ஹன்னா. சிறிதும் தடுமாறவில்லை. அந்தக் குழந்தைக்காக அவர் அழுததையெல்லாம் எந்தப் பதிவேடும் எழுதி வைக்கவில்லை.

1928 ஆகஸ்ட்

பித்தப்பையில் தொற்று. கிளெண்டேலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோயுற்ற அம்மாவைப் பார்க்க அஞ்சிய மகன் அந்தக் கடைசி வாரம் தினமும் போனார். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தார். இறப்பதற்கு முந்தைய நாளும் இருவரும் சிரித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று ஹன்னா இறந்தார். வயது 63. சிட்னி உடல்நலமில்லாமல் ஐரோப்பாவில் இருந்தார், வர முடியவில்லை. 1903இல் போலவே இந்தமுறையும் சார்லி ஒற்றை ஆள்தான்.

எரிக்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். பச்சை மண்ணில் அடக்கம் செய்யச் சொன்னார். ஹாலிவுட் கல்லறையில் வைத்தார்கள்.

அதற்கு முன் மருத்துவமனை அறைக்குள் அவர் தனியாகப் போனார். இந்தமுறை கதவுக்கு வெளியே நிற்கவில்லை. இறந்த பிறகும் அம்மாவின் முகத்தில் இன்னும் ஏதோ துன்பம் வரப்போகிறது என்பது போன்ற ஒரு கலக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, திரை பாதி இறக்கியிருந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தார்.